மூன்றாவது சீட்டு

(ஹெர்ன்ஹூட், சாக்ஸனி. 1763)

மரப்பெட்டிக்குள் மூன்று சீட்டுகள் என்கிறார்கள்.
ஆம் என்று ஒன்று. இல்லை என்று ஒன்று.
மூன்றாவதில் எதுவும் எழுதியிருக்காது.
நான் கண்ணால் கண்டதில்லை.
பெண்கள் சார்பில் போய் அங்கே உட்காருபவள்
மூத்த சகோதரி கொர்டூலா.
பனிக்காலத்தில் அவளுக்கு ஓயாமல் மூக்கு ஒழுகும்.
கர்த்தருடைய சித்தம் என்னிடம் வந்து சேர
அவள் கைக்குட்டையைத் தாண்டித்தான் வரவேண்டும்.

பெட்டியிடம் கேட்ட கேள்வி:
சலவைக்கூடத்துச் சகோதரி ஸலோமே, வயது இருபத்தொன்பது,
கிரீன்லாந்தில் பீப்பாய் கட்டும் சகோதரர் எலியாஸ் வென்ட்லருக்கு
மனைவியாகப் போகலாமா.
ஏப்ரலில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்.

எலியாஸை எனக்குத் தெரியாது.
அவருடைய கடிதம் ஒன்றை வாசித்துக் காட்டினார்கள்.
திமிங்கில எண்ணெயின் விலை இருந்தது,
இரண்டு ஞானஸ்நானம், ஒரு சாவு,
கடைசியில், இடது காது சரியாகக் கேட்பதில்லை என்று
ஒரே ஒரு வரி.
அந்த வரியை வைத்துக்கொண்டு
மூன்று இரவு அவருடைய வலப்பக்கம் நடந்து பார்த்தேன்.

மணமாகாதவளுக்கு இளஞ்சிவப்பு நாடா,
மணமானவளுக்கு நீலம், விதவைக்கு வெள்ளை.
எல்லார் தொப்பிக்கும் கஞ்சி போட்டுத் தேய்ப்பவள் நான்.
யார் வாழ்க்கை எந்த நிறத்துக்கு மாறியது என்று
முடிச்சை அவிழ்க்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும்.
நீல நாடா வெந்நீரில் சாயம் விடும்.
மணப்பெண்ணிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஜெபித்தேன்.
உம்முடைய சித்தம் என்று வாய் சொன்னது,
மனசு பேரம் பேசிற்று.
ஆம் என்றால் அம்மாவின் இருமலுக்கு யார் எழுந்திருப்பது?
இல்லை என்றால் இந்தக் கஞ்சிவாடையில் இன்னும் நாற்பது வருஷமா?
ஒருவழியாக இரண்டுக்கும் தலையாட்டினேன்.
மூன்றாவதை நினைக்கவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கொர்டூலா வந்தாள்.
அவள் முகத்தில் வாசிக்க ஒன்றுமில்லை.
அதுதான் செய்தி என்று பிறகுதான் உறைத்தது.

"வெறுஞ்சீட்டு, ஸலோமே.
இப்போது வேண்டாம் என்று அர்த்தம். அல்லது
கேள்வி சரியில்லை என்று அர்த்தம்."
"மறுபடி எப்போது கேட்பீர்கள்?"
அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

யோனாவுக்கு ஒரு மீனையே அனுப்பினீர்.
கிதியோனின் ஆட்டுத்தோலை ஓர் இரவு நனைத்தீர், மறு இரவு காயவிட்டீர்.
எனக்கு ஓர் எழுத்துக்குக்கூடவா மை இல்லை?
கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள்,
அதனால் அடுப்பைத் திட்டுவதுபோல் திட்டினேன்.

தேய்க்கும் இரும்பு சூடேறிவிட்டதா என்று
பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.
குளிர்ந்தாலும் கறுப்பு, கொதித்தாலும் கறுப்பு.
கன்னத்தருகே தூக்கிப் பிடிக்கவேண்டும்.
பன்னிரண்டு வருஷமாகக் கன்னத்தால் வாசிக்கிறேன்,
தப்பியது ஒருமுறைதான். தழும்பு இருக்கிறது.

மார்ச்சில் ரொட்டிக்கூடத்து அப்போலோனியாவுக்காகக் கேட்டார்கள்.
அவளுக்கு எழுத்துள்ள சீட்டு வந்தது.
அவளுடைய நீல நாடாவை நான்தான் தேய்த்தேன்,
கருக்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு.
"பச்சைத்தண்ணீரில் அலசு" என்றேன்.
வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு,
"அவருடைய வலப்பக்கமாக நட" என்றேன்.
ஏன் என்று கேட்டாள். போனால் தெரியும் என்றேன்.

மே மாதம் அம்மாவின் இருமல் நின்றது.
அவள் கை என் கையில் இருந்தது.
"பார்த்தாயா, இதற்காகத்தான்" என்றாள் கொர்டூலா.
அவ்வளவு சுலபமாக மூடிவிடாதீர்கள் என்றேன்.
அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து
ஈரத் தொப்பிகளை உதறிக் கொடுத்தாள்.

அந்தச் சீட்டு மறுபடி பெட்டிக்குள் போயிருக்கும்,
இன்னொருத்தியின் கேள்விக்கு.
காத்திரு என்று அதில் எழுதியிருக்கவில்லை.
போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை.
இரவில் அந்த வெள்ளையைக்
கன்னத்தருகே பிடித்துப் பார்க்கிறேன்.
சூடு இருக்கிறது.