ஆறாவது சன்னம்

வவுனியாக் கடையில்
கண்ணாடிப் பெட்டிக்கு மேல்
மூன்று தோட்டாக்களை நிறுத்தி வைத்தார் இரத்தினவேல்.
லிப்ஸ்டிக் கடை மாதிரி. சொல்லவில்லை.

"நாலாம் நம்பர் புறாவுக்கு.
பன்றிக்கு அடிச்சால்
சொறிஞ்சு விட்ட மாதிரி இருக்கும் அதுக்கு.
எஸ்.ஜி. ஒன்பது சன்னம்.
எல்.ஜி. ஆறு, பெரிசு.
எல்லாரும் எஸ்.ஜி. தான் கொண்டு போறவை, அக்கா.
இருட்டில கை நடுங்கினாலும்
ஒன்றிரண்டு படும்."

அனுமதிப் பத்திரத்தில் ஐந்து தோட்டா.
முத்தையன்கட்டில் எனக்குக் கால் ஏக்கர் கச்சான் போய்விட்டது.
குடும்பமாய் வரும் பன்றியில்லை, தனியன்.
பிசினும் சேறும் தோளில் காய்ந்து காய்ந்து
பலகை அறைந்த மாதிரி.

கடைக்குள் நின்றபடியே கணக்குப் போட்டேன்.
காவல் கொட்டிலில் இருந்து வரம்புக்கு முப்பது யார்.
ஒன்பதில் ஐந்து பன்றிக்கு என்றால்
மிச்சம் நாலும் எங்கே போகும்?

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யோகமலர் வீடு.
வீடென்றால் தகரம்.
தகரமென்றால், சன்னத்துக்குத் துணி.
அவளின் இளையவன் கயூரன்
இரவில் எழும்பினால் வாசலில் நின்றே பெய்வான்.
கக்கூஸ் தூரம். பயம்.

மிச்சம் எங்கே போகும் என்று
எங்கள் பக்கத்தில் ஒருவரும்
ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.
மரக்காலையில் பாலை அரிகிறபோது
இன்னும் வாள் பல்லு முறிகிறது.

"எல்.ஜி. தாங்கோ."
"தவறினால் தவறினதுதான், அக்கா."
"ஓம். அதுதான் வேணும்."

மூன்றாம் இரவு.
தை மாத வாடை என் முகத்துக்கு அடித்தது,
என் மணம் அதற்குப் போகாது.
முதலில் சத்தம்தான்:
ஈரமண்ணில் மூக்குச் செருகி உழுகிற சத்தம்,
கச்சான் கோது நொறுங்கும் சத்தம்.
ரோச் அடிக்கவில்லை. நிலவு காணும்.
மோட்டார் சைக்கிள் அளவில் நின்றது.
அதன் முதுகுக்கு நேர் பின்னே
யோகமலரின் பல்ப் வெளிச்சம்.

பொறுத்தேன். அது தின்றது.
ஒரு வரிசை. அடுத்த வரிசை.
விதைக் கச்சான் கிலோ என்ன விலை என்று எனக்குத் தெரியும்.
விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தேன்.
நுளம்பொன்று இமையில் இருந்து குடித்தது.
அடிக்கவில்லை.

நாலாம் வரிசையில் நிமிர்ந்தது.
என்ன நினைத்ததோ, இடப்பக்கம் நடந்து
புற்றுக்கு முன்னால் போய் நின்றது.
நெஞ்சுயரப் புற்று. நாங்கள் பால் வைக்கிற புற்று.
நாகதம்பிரானே, பொறுத்துக்கொள்ளும்.
முன்னங்காலுக்குப் பின்னால்,
பலகைக்குக் கீழே.

தோளில் உதை.
ஊர் நாயெல்லாம் குரைத்தது.
ஆட்கள் ஒருவரும் வெளியே வரவில்லை.
எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்கு
வெளியே வர மாட்டார்கள், நிலத்தில் படுப்பார்கள்.
அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

விடியத் தோலுரிக்கும்போது எண்ணினேன்.
நெஞ்சுக்குள் மூன்று.
எலும்பில் நசிந்து ஒன்று.
புற்றைக் கரண்டியால் கிண்டி எடுத்தது ஒன்று.
மனுசன் சிரித்தார்:
"ஈயம் எண்ணுறியோ? இறைச்சியைப் பார்."
திரும்பவும் புற்றைக் கிண்டினேன்.
குடலை விரித்துத் தடவினேன்.
ஐந்து.

இரண்டு கிலோவை வாழையிலையில் சுற்றிக்கொண்டு
வாய்க்காலைக் கடந்து போனேன்.
யோகமலர் அடுப்படியில்.
மூத்தவள் தலை பின்னிக்கொண்டு நின்றாள்.
தகரத்தில் ஓட்டைகள் இருந்தன,
எல்லாம் துருப்பிடித்த பழைய ஓட்டைகள்.

"கயூரன் எங்கே?"
"பள்ளிக்கூடம் போக ஏலாதாம். படுத்திருக்கிறான்."
"எழுப்பு."
"ஏன்?"
"சும்மா. எழுப்பன்."

போர்வையோடு வந்து நின்றான்,
கண்ணைக் கசக்கிக்கொண்டு.
"என்ன அன்ரி?"

போர்வையை விலக்கிப் பார்த்தேன்.
தோளைப் பிடித்துத் திருப்பி
முதுகையும் பார்த்தேன்.