வட்டி

பதின்மூன்று எழுத்து அவன் பெயர்.
சிவாஜி நகர் ஸ்டிக்கர்காரன்
எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய் போட்டுப் பார்த்து
"இந்தக் காசுக்கு ரெண்டு பசங்களுக்கு ஒட்டிடலாமேப்பா" என்றான்.
ஹெபில்த்வெயிட்.
யார் வாயிலும் நுழையவில்லை.
இரண்டாம் மாட்சிலேயே கேலரி அவனை
ஹெப்பாள் ஆக்கிவிட்டது.
மேம்பாலம் மாதிரிதான் இருக்கிறான், எல்லாரும் அங்கே நிற்கிறார்கள் என்று
எதிர் டீம் கோச்சே சொன்னார்.

முப்பத்தைந்து வயது. நடுக்களம்.
ராத்திரி ஏழரைக்கு என் மேசையில் குப்புறப் படுப்பான்.

இடது முழங்காலில்
ரயில் தண்டவாளம் போல ஒரு தையல்.
"ஸ்கார்பீல்ட்" என்றான்.
அறுத்த டாக்டர் பெயரா என்று கேட்டேன்.
கிளப் பெயராம்.
ஏழு மாட்ச் ஆடினான், எட்டு மாதம் படுத்தான்.
கணுக்கால் இன்னொரு ஊர், கடலோரம்,
கிரவுண்டில் எப்போதும் மீன் வாடை.
விலா எலும்பு,
பங்குனிக்குள் மூன்று மேனேஜர் மாறிய ஊர்.
வலது தொடை மட்டும் பிள்ளைத் தொடை மாதிரி வழவழவென்றிருந்தது.
"அங்கே பெஞ்ச்" என்றான். "இரண்டு வருஷம்."

பதினெட்டு வயதில் அவனைப் பெரிய கிளப் ஒன்று வாங்கியது.
வாங்கிய சூடு ஆறுமுன்
லோனுக்குக் கொடுத்தது.
என் கை நின்றுவிட்டது.
"ஆளையா?"
"ஆளை. மூன்று தடவை."

கௌதமபுரத்தில் பிலோமினா அக்காவிடம்
குக்கர் போயிருக்கிறது, தாலிக்கொடி போயிருக்கிறது,
ஒருமுறை ஓடுகிற ஆட்டோவே போயிருக்கிறது.
ஆளை வைக்கிற வழக்கம்
என் தாத்தாவோடு முடிந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்.

"வட்டி யார் கட்டினது?"

திரும்பாமலே
இடது காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான்.

பிறகொரு நாள் அவன் கேட்டான், நீ ஆடியிருக்கிறாயா.

ஆடியிருக்கிறேன்.
கீப்பர். பதினொரு வருஷம். ஒரே ஃபேக்டரி.
நான் கான்ட்ராக்ட் ஆள், லீக்கில் பர்மனென்ட் ஆள்தான் ஆடலாம்.
அதனால் கார்டில் இருந்த பெயர் நஞ்சுண்டப்பா.
பெயிண்ட் ஷாப். பந்தைக் கண்டால் நகர்ந்து போகிற மனுஷன்.
செமிஃபைனலில் இரண்டு பெனால்டி தடுத்தது நஞ்சுண்டப்பா.
மறுநாள் பேப்பரில் வந்தது நஞ்சுண்டப்பா.
அதை வெட்டி அவர் பர்ஸில் வைத்திருந்தார்,
பாவம், கேட்கிறவர்களிடம் காட்டவும் செய்தார்.
ரிட்டயரான அன்று
சால்வை, மைசூர்பாக், கீப்பர் பொம்மை வைத்த கப்.
பின்வரிசையில் நின்று நானும் கைதட்டினேன்.
உரக்கத்தான் தட்டினேன்.
அந்த இரண்டாவது பெனால்டி
இந்தச் சுண்டுவிரலில் இன்னும் மடங்காமல் இருக்கிறது, பார்.

பார்க்கவில்லை. தூங்கிப்போயிருந்தான்.
டவலை இழுத்து முழங்காலை மூடினேன்.

கடைசி மாட்ச் கண்டீரவாவில்.
எண்பத்தோராம் நிமிஷம் இறக்கினார்கள்.
முதுகில் நடு எழுத்து ஒன்று உரிந்து
காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
ஒரு பாஸ் கொடுத்தான்,
நாற்பது அடி, புல்லைத் தொட்டும் தொடாமலும்.
ஓட வேண்டிய பையன்
லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.
பந்து தானாகவே வெளியே போனது.
கேலரியில் ஒருவர் மட்டும் எழுந்து நின்றார்.

மார்ச்சில் காண்ட்ராக்ட் முடிந்தது.
ஏர்போர்ட் வண்டியில் நானும் போனேன், பைகள் நிறைய.
ஹெப்பாள் பாலத்தில் மாட்டிக்கொண்டோம்.
முக்கால் மணி நேரம்.
பலகையைக் காட்டினேன், படித்துவிட்டுச் சிரித்தான்.
பிறகு கேட்டான்:
"உன் பெயர் என்ன? நஞ்சுண்டப்பா இல்லாத பெயர்."

தூங்கவில்லை போல.

தேவசகாயம் என்றேன்.
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான்.
இரண்டு தரமும் 'ச'வில் தடுக்கினான்.
"எத்தனை எழுத்து?"
தமிழில் ஆறு.
சட்டையில் ஒட்டினால் பதினொன்று.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய் ஆகும் என்றேன்.

முன்வண்டி நகர்ந்தது.