செவ்வாய் விடுமுறை

கண்ணாடியில் பார்த்துத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.
கழுத்தைச் சுற்றித் துண்டு இருக்கும், தலை அசையாது,
கண் மட்டும் என் தோளைத் தாண்டிப் போகும்.
"மோட்டார் ஓடுது, லைட் எரியுது, மீன் எங்கப்பா?"
இன்னும் வரலண்ணே. இடப்பக்கம் சாயுங்க.

சித்திரையில் வாங்கிய ஏழும் எட்டு நாளில் போயின.
தொட்டி வந்த அன்றே விட்டேன்,
வாய் திறந்தபோதெல்லாம் தீனி போட்டேன்.
தண்ணீர் பளிங்காகத்தான் இருந்தது.
சம்பை ஊற்றுத் தண்ணீர்,
காரைக்குடிக்காரன் அதைக் குறை சொல்ல மாட்டான்.
கடைசி மீன் மேலே வந்து வாயை மூடி மூடித் திறந்தது,
உதட்டின் மேல் கத்தி இருக்கும்போது
ஏதோ பேச நினைக்கிறவர் போல.

மீன்கடை சிக்கந்தர்தான் சொன்னார்:
"அதுங்க விட்ட கழிவே அதுங்களுக்கு விஷம்.
விஷத்தைத் தின்கிறவனை முதல்ல குடியேத்து.
மீனை அப்புறம் பாத்துக்கலாம்."
தன் பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார்.
காபிச் சக்கை நிறம், கண்மாய்ச் சேற்று வாசம்.
ஈரம் காயாமல் பொத்திக்கொண்டு
கழனிவாசல் வரை ஒரு கையில் வண்டி ஓட்டினேன்.

என் அலமாரியில் டை டப்பாக்கள் எல்லாம்
'அமோனியா இல்லை' என்று மார்தட்டுகின்றன.
நான் அதைத் தேடி நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.
"நவச்சாரமா? ஈயம் பூசவா?"
மீனுக்கு.
"எத்தனை மீன் வச்சிருக்கீங்க?"
ஒண்ணும் இல்ல.
பொட்டலம் கட்டியவர்
நூலை அறுக்காமல் என்னையே பார்த்தார்.

சிட்டிகை கரைத்து ஊற்றினேன்.
சோதனைக் குழாயில் சொட்டு விட்டால் பச்சை.
மறுநாளும் பச்சை.
பத்தாம் நாளும் அதே வாழையிலைப் பச்சை.
இர்பான், பிஜ்னூர்ப் பையன்,
என் கடையில்தான் தமிழ் எண்கள் கற்றவன்,
"அண்ணா, நாம தண்ணி வளக்குறோம்" என்று சிரித்தான்.

பதினேழாம் நாள் பச்சை வெளிறியது.
அடுத்த குழாயில் நாவல்பழ ஊதா.
ஒருவன் தின்று முடித்த இடத்தில் வேறொரு விஷம்.
அதைத் தின்ன இன்னொருவன் வரவேண்டுமாம்,
அவன் இன்னும் மெதுவாம்,
பந்திக்குப் பிந்துகிற ரகம்.

ஒரு வியாழன், பராமரிப்பு என்று
ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள்.
மோட்டார் நின்றது.
காற்று கலக்காவிட்டால் அவர்கள் செத்துப்போவார்கள்.
அவர்கள் என்று சொல்லிப் பழகிவிட்டது. ஒருவரையும் கண்டதில்லை.
சேவுகன் அண்ணன் பாதி முகம் நுரையோடு,
பத்தரைக்குக் கோவிலூரில் பெண் பார்க்கப் போகிறவர்.
நான் மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுகிறேன்,
மறுபடி மொண்டு ஊற்றுகிறேன்.
"யாரடா குளிப்பாட்டுற?"
நுரை காய்ந்துபோனது. புதிதாய்ப் பூசினேன்.
அவரிடம் அன்றைக்குக் காசு வாங்கவில்லை.
ஐந்து மணிவரை நானும் இர்பானும் மாறி மாறி ஊற்றினோம்.
அவன் சிரிக்கவில்லை.

சலூனுக்குச் செவ்வாய் விடுமுறை.
வயிற்றுக்கு ஏது விடுமுறை?
ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தேன்.
முந்தின இரவு போட்ட சிட்டிகை.
குழாயில் சொட்டு விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன்.
மஞ்சள்.
அடுத்ததில் வான நீலம்.
இரவு யாரோ வந்து சாப்பிட்டு,
இலையையும் எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நாற்பத்து மூன்றாம் நாள்.
பாதித் தண்ணீரை மாற்றினால் போதும்.
சிக்கந்தர் கடை திறந்துதான் இருக்கும்.
இர்பான் இரண்டு முறை போன் அடித்துவிட்டான்,
ஏழா, எட்டா என்று.

வாடிக்கைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தேன்,
இந்தக் கடையில் முதல் தடவையாக.
கண்ணாடி வழியாகத் தொட்டியைப் பார்த்தேன்.
வெறும் தண்ணீர்தான்.

எழுந்துபோய் இன்னொரு சிட்டிகை போட்டேன்.
நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.