அரைப்பேர்

டிவியில் இந்த வருடத்தின் முக்கிய நிகழ்வுகள்.
புகை, தண்ணீர் பீச்சும் வண்டி, ஓடும் கால்கள்.
யாரோ சத்தியப்பிரமாணம் எடுக்கிறார், பிறகு வேறு யாரோ.
ஆறு நிமிடத்தில் நாட்டை முடித்துவிட்டு
மாஜரீன் விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள்.

பொகவந்தலாவையில், கீழ்ப்பிரிவுக் கடையில்
என்னிடம் இருப்பது கடன் கொப்பி.
நோர்வூட் செட்டில் இரண்டு பகல் ஓர் இரவு
வரிசையில் என்னோடு நின்றதால்
இன்னும் மண்ணெண்ணெய் மணக்கிறது.

ஜனவரி: மாணிக்கவல்லி, மா நாலு கிலோ.
ஏப்ரலில் இரண்டு.
உரம் இல்லாத மலையில் கொழுந்து எழும்பவில்லை.
விடிந்ததிலிருந்து பொழுதுசாயப் பறித்தாலும்
தராசு முள் பதினொன்றில் நின்றது.
அரைப்பேர், என்றார் கணக்கப்பிள்ளை,
மழையைத் திட்டுவதுபோல, யாரையும் பார்க்காமல்.

ஜூலை ஒன்பது, சனி.
கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும்
அவள் மகன் தெய்வேந்திரன் என் போனுக்கு எடுத்தான்.
"அக்கா, அம்மாவக் கூப்பிடுங்க.
மாளிகைக்குள்ள நிக்கிறேன்.
நான் உக்காந்திருக்கிற கதிரையக் காட்டணும்."
படம் ஆடியது. தங்க நிறக் கைப்பிடி,
ஒரு விளக்கு, யாருடையதோ ஈரக் கால்.
தலையில் சாக்குக் கொங்காணியோடு அவள் குனிந்து பார்த்தாள்.
"சாப்பிட்டியா?"
அத்தோடு டேட்டா முடிந்தது.

போனைத் துடைத்து என்னிடம் தந்துவிட்டு
அரைக்கிலோ மா கேட்டாள்.

கொப்பியில் அந்த வரி இருக்கிறது.
"மாணி" என்று தொடங்கி அடித்திருக்கிறேன்.
மா முடிஞ்சிட்டு, என்றேன்.
லொறி வரவில்லை என்பது உண்மை.
அரை மூட்டை என் கால்மாட்டில் இருந்ததும் உண்மை.
நூற்றிருபதுக்கு விற்ற மா
நானூறைத் தொடப்போகிறது என்று
ஹற்றன் முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.
அவள் மூட்டையைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
"சரி தங்கச்சி" என்று மட்டும் சொன்னாள்.

சற்றுமுன் அந்தக் கதிரை டிவியில் வந்தது.
ஒரு நொடி. வேறொரு பையன் அதில் சிரித்தான்.

புதுக் கொப்பி மூன்று மடங்கு விலை, தாள் மெல்லியது,
மை மறுபக்கம் தெரிகிறது.
முதல் வரியில் எழுதுகிறேன்: மாணிக்கவல்லி, மா அரைக்கிலோ.
விலைக் கட்டத்தை வெறுமையாய் விடுகிறேன்.

திங்கள் காலை பிரட்டுக்கு எல்லாரும்
என் கடை வாசலால்தான் இறங்குவார்கள்.
அவள் மட்டும் ஜூலையிலிருந்து
பதினாறாம் நம்பர் மலைக்குள்ளால்,
அட்டை கடிக்கும் குறுக்குப் பாதையில் போகிறாள்.