குறிப்புகளுக்கு விட்ட இடம்

முதலில் முன்னால் நின்று பார்க்கக் கூடாது.
முன்னால் நின்றால் திமில் பேசும், கொம்பு பேசும்,
சொந்தக்காரரும் பேசத் தொடங்குவார்.

பின்னால் போய், இருபது அடி தள்ளி,
குந்தியிருந்து பார்க்கிறேன்.
பொலிநாம்பனுக்கு வேலை பின்னங்காலில்.
தொடையிலிருந்து குளம்புவரை
மனதால் ஒரு நூல் தொங்கவிடுகிறேன்.
மூட்டு அந்த நூலுக்கு உள்ளேயும் சாயவில்லை,
வெளியேயும் பிதுங்கவில்லை.

ஒட்டறுத்தகுளம். புரட்டாதிக் கடைசி.
குளம் சுருங்கி நடுவில் கிடக்கிறது.
சுற்றிவரச் சேறு, சேற்றுக்கு அப்பால் கோரை,
அதற்கும் அப்பால் மேய்கிற பட்டிகள்.

காலையில் பார்த்தது சவிரிமுத்துவின் சிவலை.
தவிடும் எள்ளுப் புண்ணாக்கும்
ஒரு மாதம் ஊட்டிய மினுமினுப்பு.
விலாவில் கையை வைத்தேன்,
எலும்பைத் தேடியே விரல் களைத்தது.
கொழுப்பு கெட்டிக்காரத் தையற்காரி,
எந்தக் குறையையும் உள்ளே மடித்துத் தைத்துவிடுவாள்.
நடத்திக் காட்டுங்கோ என்றேன்.
மூட்டில் வளைவே இல்லை.
நட்ட கப்புப்போல இரண்டு பின்னங்கால்கள்
குத்திக் குத்தி வந்தன.
இரண்டு வருடம் ஏறும்,
மூன்றாம் வருடம் ஏற மறுக்கும்,
அதற்குள் முப்பது நாற்பது கன்றுகள்
அதே கால்களில் எழும்பி நிற்கும்.
“போன வருசக் கண்காட்சியிலை இவன்தான் மிஸ் முதலாமிடம்.”
அதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை.

இது கறுவல். உதயசீலனுடையது.
பல் ஆறு.
உடல்நிலை ஐந்துக்கு மூன்று.
கடைசி இரண்டு விலா கண்ணுக்குத் தெரிகிறது,
மற்றவை கைக்கு மட்டும்.
இந்தக் காய்ச்சலில், வெறும் குளத்தடிப் புல்லில்
இவ்வளவைப் பிடித்து வைத்திருக்கிற உடம்பை
நான் மதிக்கிறேன்.
நாடாவைச் சுற்றினேன்:
விதைப்பை முப்பத்து நான்கு சென்ரிமீற்றர்,
இரண்டும் சமம், கட்டி இல்லை.
கறுவல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
அசைபோடப் போய்விட்டது.

நாணயக்கயிற்றை உதயசீலன்
மூன்று விரலால் பிடித்திருந்தார்.
அந்தக் கையில் இருந்தது அவ்வளவுதான்.

பிறகு முன்னங்கால், இடது.
கணுவுக்கு மேலே சுற்றிவர ஒரு வெள்ளை வளையம்,
மயிர் முளைக்காதது.
பன்றிக்குக் கட்டிய கம்பிக் கண்ணி.
நடக்கையில் அந்தக் கால்,
ஒரு எழுத்தை விழுங்கி வாசிக்கிற பிள்ளையைப்போல,
ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தடக்குகிறது.

“இது கண்டுக்குப் போகுமோ மிஸ்?”
“போகாது.
கண்ணி அறுத்தது விதைக்குத் தெரியாது.”

நான் குளம்புகளைப் பார்த்து முடிக்கும்வரை
பேசாமல் நின்றார்.
பிறகு,
“நிச்சயமாப் போகாதோ?”
இந்தமுறை அவர் மாட்டைப் பார்க்கவில்லை.
படலையடியில் அவர் மனைவி
ஒரு கையால் இடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றாள்.
எட்டு மாதம் இருக்கும்.
“நிச்சயமா.”
“எழுதித் தருவீங்களோ?”

கால்களில் குறை: உண்டு / இல்லை.
பொருந்தாததை வெட்டிவிடவும்.
உண்டு என்று விட்டால் கறுவல்
பதிவிலிருந்து விழுந்துவிடும்.
இல்லை என்று விட்டால் என் கையெழுத்தில் ஒரு பொய்.
இரண்டையும் வெட்டாமல் கீழே இறங்கி,
குறிப்புகளுக்கு விட்ட ஒன்றரை வரியில்
‘பிறவிக் குறை அல்ல’ என்று எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.
மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும்.

கார்பன் பிரதியைக் கிழித்துக் கொடுத்தேன்.
மடிக்கவில்லை அவர்.
கயிற்றை என்னிடம் தந்துவிட்டு
விரித்தபடியே
படலைக்குக் கொண்டுபோனார்.

நாடாவைக் கழுவ வாளியைத் தேடினேன்.
எனக்கு முதலே கறுவல்
அதற்குள் வாயை வைத்துவிட்டது.