வெள்ளைப் பொத்தான்

சுக்தீதியில் இறங்கும்போது மழை.
குடையை எடுத்தேன், ரொட்டிப் பையை எடுத்தேன்,
கிளாரினெட் பெட்டியை எடுக்கவில்லை.
மார்ஷ்ருத்கா கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு
மலைப்பக்கம் திரும்பிவிட்டது.

வேன் ஓட்டுநரின் பெயரை
யார் கேட்டு வைக்கிறார்கள்?
பெட்டிக்குள் வெல்வெட்டுக்கு அடியில் மட்டும்
சட்டைப் பொத்தானுக்கு அண்ணன் போல ஒன்று,
என் மகள் தம்தா வாங்கிப் போட்டது.
"நீ தொலைப்பவள்" என்று சொல்லித்தான் போட்டாள்.

அதற்குத் தூரத்துக் குரல் கிடையாது.
பக்கத்தில் எவர் பையிலாவது ஒரு போன் கடந்தால்
அதன் காதில் ஒரு சொல் போடும்.
போன்காரருக்கே தெரியாமல்
அந்தச் சொல் என்னிடம் வந்து சேரும்.

ஜ்வாரி பெட்ரோல் பங்க், 3.10.
அணைக்கட்டு வளைவு, 3.52.
யாரோ படம் எடுக்க வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும்.
கைஷியில் இருபது நிமிடம்: சாப்பாடு.
நானும் நிலையத்து பெஞ்சில் ரொட்டியைப் பிய்த்தேன்,
என் கிளாரினெட்டோடு சேர்ந்து சாப்பிடுவதாக நினைத்து.
மெஸ்தியாவில் புள்ளி ஓர் இரவு தூங்கியது.
மறுநாள் இன்னும் மேலே ஏறியது.
பிறகு,
கடைசியாகக் காணப்பட்டது நேற்று.
கடைசியாகக் காணப்பட்டது மூன்று நாள் முன்பு.
ஒன்பது நாள்.

குத்தாயிசி சந்தையில் தொலைத்திருந்தால்
நிமிஷத்துக்கு ஒரு போன் உரசிப் போயிருக்கும்.
மேலே பனிக்குன்றும் பசுக்களும்தான்.
ஆள் நடக்காத இடத்தில் அந்தப் பொத்தான்
ஊமை கண்ட கனவு.

பத்தாம் நாள் யாரோ ஒரு நடைப்பயணி
அந்த வழியே போனார்.
என்ன மொழிக்காரரோ, காலில் கொப்புளமோ,
யாரை நினைத்துக்கொண்டு நடந்தாரோ.
புள்ளி துளிர்த்தது.
அன்றே கிளம்பினேன். கடைசி இருபது மைல் ஜீப்பில்,
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே.

இருபது மீட்டர் என்றது போன். பதினொன்று.
நான் நடந்தால் அதுவும் நடந்தது.
ஒலி எழுப்பச் சொன்னேன்.
ஆற்றிரைச்சலின் இடுக்கில்
சில்வண்டு போல ஒரு கீச்.
திரும்பிப் பார்த்தது, நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு பசு.
கழுத்து மணிக்குப் பக்கத்தில்
கம்பியில் கோத்து என் பொத்தான்.

பசுவுக்குள் கிளாரினெட் இருக்க முடியாது.
தெரியும்.
இருந்தும் ஒரு கணம் வயிற்றைப் பார்த்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து பிமுர்சா கத்தினார்:
"நிஷாவிடமிருந்து கழற்றிவிடாதே!
தானாகக் கீச்சிடுகிறது. அதற்குப் பயந்து
ஓநாய் கிட்டே வருவதில்லை."
"பெட்டி?"
"உள்ளே, ஆணியில்.
ஓட்டுநர் என் மச்சான்தான்.
கேட்டு யாராவது வருவார்கள் என்று மாட்டிவைத்தோம்.
மூடி திறந்துகொண்டது, இது உருண்டு விழுந்தது."

பொத்தான் இல்லாவிட்டாலும்
பெட்டி அந்த ஆணியில்தான் தொங்கியிருக்கும்.
எந்த ஊர் ஆணி என்றுதான்
எனக்குத் தெரிந்திருக்காது.

நாணல் விரிந்திருந்தது. வேறொன்று செருகி
வாசலில் நின்று வாசித்தேன்.
பிமுர்சா தொப்பியைக் கழற்றினார்.
நிஷா மேய்ச்சலை நிறுத்தவில்லை.
பொத்தானை அவளுக்கே விட்டு வந்தேன்.

தம்தா திட்டினாள், வேறொன்று வாங்கித் தந்தாள்.
பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவே
இன்றும் பழைய புள்ளியைத்தான் திறக்கிறேன்.
குளிர்காலம் முழுக்க ஒரே தொழுவம், ஒரே தேதி.
பேட்டரி போயிற்றோ என்றுகூட நினைத்தேன்.

நேற்று யாரோ நடந்திருக்கிறார்கள்.
நிஷா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறாள்,
இருக்கக்கூடாத சரிவில், தனியாக.
பிமுர்சாவின் பழைய பட்டன் போனுக்கு அடித்தேன்.
எடுக்கவில்லை.
மாட்டைத் தேடிப் போயிருப்பார்.