பத்து சென்ட்

விமானம் தாமதமானால்
கம்பெனி ஒரு சீட்டுத் தரும்.
பன்னிரண்டு யூரோவுக்குச் சாப்பிடலாம்.
என் கவுண்டரில் சால்மன் சூப் பதின்மூன்று ஐம்பது.
விலையை நான் வைக்கவில்லை என்று
இன்றைக்கு நாற்பது முறை சொல்லியாயிற்று,
மூன்று மொழியில்,
ஒரே முகத்தோடு.

ரோவனியெமி, டிசம்பர் இருபத்து மூன்று.
பதினொன்றுக்கு எழுந்த சூரியன்
ஒன்றரைக்குள் படுத்துவிட்டது.
வெளியே உறைமழை.
ஓடுபாதையில் ஒரு மஞ்சள் வண்டி
போவதும் வருவதுமாக உப்போ மணலோ தூவுகிறது,
யாருக்கோ சோறு வைப்பதுபோல.
பலகையில் ஆறு ஊர்கள்.
ஆறுக்கும் பக்கத்தில் ஒரே சொல்.

இரண்டு கூட்டம் இங்கே.
பனியைப் பார்க்க வந்து திரும்புகிறவர்கள்,
பனியிடமிருந்து தப்பிக்கிறவர்கள்.
அவர்கள் பஞ்சு அடைத்த உடுப்பில் வியர்த்துக்கொண்டும்
எங்கள் ஊர்க்காரர்கள் கோட்டுக்குள் அரைக்கால் சட்டையோடும்
ஒரே சார்ஜர் துளைக்கு
வரிசையில் நிற்கிறார்கள்.

கவுண்டருக்கு எதிரே மசாஜ் நாற்காலி.
இரண்டு யூரோ, ஆறு நிமிஷம்,
காசு மட்டும், அட்டை செல்லாது.
பத்து வருஷமாக அதன் முனகலைக் கேட்கிறேன்.
ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.
சீருடையோடு உட்காரக்கூடாது.

நெரிஸ் என்ற பெண், கார்டிஃப் போகிறவள்.
அவள் சீட்டு மதியமே காபியில் கரைந்துபோனது.
மிச்சம் மகனுடையது.
கெதின், ஏழு வயது,
மெனுவில் பனிமான் ரொட்டியைக் காட்டிக் கேட்டான்:
"இது சாண்டாவுடைய மானா?"
"இல்லை. இது அவருக்கு அறிமுகமில்லாத மான்."
யோசித்தான்.
நட்சத்திரப் பலகாரம் போதும் என்றான்,
நடுவில் பிளம் ஜாம் வைத்தது.
இரண்டு. எட்டு நாற்பது.
மீதி மூன்று அறுபது.
மீதி தரக்கூடாது, அது விதி,
சீட்டின் பின்பக்கம்
எறும்பு எழுத்தில் இருக்கிறது.

அவனுக்குப் பின்னால் வெய்க்கோ,
மரம் வெட்டும் எந்திரம் ஓட்டுகிறவர்,
தெனெரிஃப் போகிறவர்,
இடுப்பில் ஒரு கையை முட்டுக் கொடுத்து நிற்கிறவர்.
சூப்பைப் பார்த்தார். விலையைப் பார்த்தார்.
சட்டைப்பையைத் தட்டினார்.
காசெல்லாம் அந்த நாற்காலி தின்றுவிட்டது
என்று அவர் சொல்லவில்லை.
நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே.

மூன்று அறுபதில் ஒன்று ஐம்பது போனால்
இரண்டு பத்து.
சூப்பை ஊற்றினேன்,
சதகுப்பை கொஞ்சம் கூடுதலாகவே.
கல்லாவிலிருந்து இரண்டு யூரோ நாணயம் ஒன்றை
பையன் உள்ளங்கையில் வைத்தேன்.
நாற்காலி என்றேன்.
அவனுக்கு ஃபின்னிஷ் தெரியாது.
நாணயத்துக்குத் தெரிந்தது.

ஏறினான். கால் எட்டவில்லை.
எந்திரம் அவனைப் பிசைய ஆரம்பித்தபோது
"அ-ம்-ம்-மா" என்று குரலை நடுங்கவிட்டுச் சிரித்தான்,
நெரிஸும் சிரித்தாள்,
நாள் முழுக்க முதல் தடவையாக.

அப்போதுதான் கார்டிஃப் என்று அறிவிப்பு.

பலகாரம் ஒரு கையில், பையன் ஒரு கையில்,
பெட்டி காலால் உதைபட்டு,
போய்விட்டார்கள்.
நாற்காலி நிற்கவில்லை.
இல்லாத முதுகை
மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தது.
இன்னும் நான்கு நிமிஷம் இருக்கும்.

வெய்க்கோ என்னைப் பார்த்தார்.
நான் கரண்டியைத் துடைத்தேன்.

மெதுவாக உட்கார்ந்தார்,
கிண்ணத்தைக் கீழே வைக்காமலே.
சூப்பில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.
சதகுப்பைத் தூள்கள் எல்லாம்
ஓரத்துக்கு ஓடின, நடுவுக்கு வந்தன, மறுபடி ஓடின.
கண்ணை மூடிக்கொண்டு
ஒரு வாய் குடித்தார்.

இரவு கல்லா எண்ணியபோது
பத்து சென்ட் அதிகம்.
காரணம் எழுதும் கட்டம் ஒன்று உண்டு.
தெரியவில்லை என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்: ஸைமி.